சோளகத்தில் எழும்பாத யந்திரம்

வைகாசி மாதத்தின் நடுப்பகுதி கழிந்ததும் மன்னார்த் தீவின் தென்கரையில் சோளகம் எழும்பிவிடும். எங்கள் வீடு தாழ்வுபாட்டுக்குச் சமீபமாக, இரண்டு பனைகளுக்கும் ஒரு பூவரசுக்கும் பின்னால், தென்கடலுக்கு முகம் கொடுத்தபடி இருந்தது. அக்காற்று எழும்பிய நாள் தொடக்கம் ஆவணி கழியுமட்டும், காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். அடுப்படியில் மூடி வைத்த உப்பும் கசிந்து ஈரமாகும். கதவுப் பிணைச்சல்கள் துருவேறி முனகும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்த கைலேஞ்சி உதட்டில் பட்டால் கரிக்கும். இன்று அதே காற்றை நம்பி, எங்கள் தென்கரை நெடுக, 2020ஆம் ஆண்டில் தம்பபவனி என்னும் பெயரோடு எழுந்த 30 காற்றாலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. நான் சொல்ல வந்தது அவை வருவதற்குப் பதினாறு வருடங்களுக்கு முந்திய ஒரு சோளகத்தைப் பற்றியது.

2004ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், திருந்தாதி மணி ஓய்ந்த கையோடு, யன்னலோரத்து மேசையில் இருந்த கணனியின் விசையை வழக்கம்போல அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழலும் இரைச்சலும் கேட்டது. திரையில் மட்டும் ஒன்றுமே தோன்றவில்லை. சற்றுப் பொறுத்து, பெட்டியின் வயிற்றுக்குள் இருந்து நீண்ட ஊதல் ஒன்று எழுந்தது, ஒரு மூச்சு நேரம் நின்றது, மறுபடியும் எழுந்தது. அணைத்துப் போட்டேன், செருகியைக் கழற்றி மாட்டினேன், திரைக்குப் போகும் கம்பியை அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே விளக்கு, அதே விசிறி, அதே கறுத்த திரை, அதே நீண்ட ஊதல்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்னவென்று சொல்லாவிட்டால், அன்று என் கைகள் நடுங்கியதற்குக் காரணம் விளங்காது. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த நாளிலிருந்தே, எங்கள் கரையோரத்துத் தொழிலாளரின் நாவில் வழங்கும் சொற்களைச் சேர்த்து வைக்கவேண்டும் என்பது எனக்கு ஒரு விரதம் போல இருந்தது. கரைவலையின் மடி, அதை இழுப்போர் சேர்ந்து பாடும் அம்பா, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, இழுப்பை நடத்தும் மண்டாடி, பருவத்துக்குப் பருவம் கரை மாறிப் போய் அடிக்கும் வாடி, சூடையும் ஓராவும் அறக்குளாவும், இப்போது காண்பதே துர்லபமாகிவிட்ட ஆவுளியா என்னும் கடற்பசு, இவற்றோடு காற்றுகளின் பெயர்கள். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான் என்று நான்கு திசைக்கு நான்கு பெயரை வைத்துக்கொண்டு, மூலைக் காற்றுகளுக்கு இரண்டிரண்டாக இணைத்து வாடைக்கொண்டல், சோளகக்கொண்டல், சோளகக்கச்சான், வாடைக்கச்சான் என்று எட்டுத் திக்கையும் அளந்துவிட்ட அந்த மனிதர்களின் புத்தி நுட்பத்தை எண்ணி எத்தனையோ இரவுகள் நான் வியந்திருக்கிறேன்.

முதலில் சேர்த்தவை யாவும் ஆறு கொப்பிகளில் இருந்தன. 1990ஆம் ஆண்டில் யுத்தம் தீவை வந்து தொட்டபோது, பாலம் உடைந்து, ரயில் நின்று, சனங்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தரை வழியிலும் படகில் ராமேஸ்வரத்துக்குமாகச் சிதறிய அந்த நாட்களில், கொப்பிகளை எடுக்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கொப்பிகளும் இல்லை. பிறகு 1998ஆம் ஆண்டில், மிஞ்சியிருந்த முதியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் சைக்கிளில் போய், ஞாபகத்தில் நின்றதோடு அவர்கள் சொன்னதையும் சேர்த்து, இரண்டாம் முறையாக எழுதத் தொடங்கினேன். கொழும்பில் இருந்த என் மகன் பழைய கணனி ஒன்றை வாங்கி அனுப்பியபின் அவ்வளவையும் அதிலே ஏற்றினேன். எனக்குச் சொல்லித் தந்த முதியவர்களில் பாதிப்பேர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். மூன்றாம் முறை எழுதுவதற்குக் கேட்க ஆளில்லை.

பட்டினத்தில் கணனி திருத்தும் இடம் ஒன்றுக்கு அந்தப் பெட்டியை முச்சக்கர வண்டியில் கொண்டுபோனேன். விசையை ஒருமுறை அழுத்தி, ஊதலை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, தாய்ப்பலகை செத்துவிட்டது, புதிதாக ஒன்று போட்டு எல்லாவற்றையும் அழித்து மீண்டும் ஏற்றவேண்டும் என்று அங்கிருந்தவர் சொன்னார். உள்ளே இருப்பவை என்னாகும் என்று கேட்டேன். நிச்சயம் சொல்ல முடியாது என்றார். என்னிடம் ஆறு மாதத்துக்கு முன் எடுத்த பிரதி ஒன்று பிளொப்பியில் இருந்ததால், அதையாவது பார்க்கலாம் என்று அங்கிருந்த இன்னொரு கணனியில் போடச் சொன்னேன். திறந்ததும் திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக நிரம்பி வழிந்தன. கோப்பும் பழுதாகிவிட்டது என்று தீர்ப்பாயிற்று. அந்த நிமிடத்தில் எனக்கு உண்டான துக்கத்தை விவரிக்க நான் விரும்பவில்லை. பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் தவறாகச் சொன்னார் என்பதை அன்றிரவே தெரிந்துகொண்டேன். நான் எழுதியது பாமினி எழுத்துருவில். அக்காலத்தில் எங்கள் நாட்டுத் தமிழர் பெரும்பாலோர் எழுதியதும் அதிலேதான். அதிலே ஆங்கில எம் விசையை அழுத்தினால் அகரம் தெரியும். கே விசையில் மகரம் தெரியும். அரைப்புள்ளி மெய்யெழுத்தின் புள்ளியாக நிற்கும். கணனி தனக்குள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்தையே. பாமினி என்னும் உடையை உடுத்தினால் மாத்திரமே அது தமிழாகக் காட்சி தரும். ஆகவே நான் அம்மா என்று எழுதியது, அந்த எழுத்துரு இல்லாத கணனியில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்திருக்கிறது. சொற்கள் சாகவில்லை, பார்த்த இடத்தில் அவற்றை வாசிக்கும் கண் இல்லை, அவ்வளவே. யூனிக்கோடு பரவியபின் வந்த தலைமுறைக்கு இந்தத் தொல்லை தெரியாது.

மூன்றாம் நாள், என்னிடம் முன்பு படித்த பிள்ளை ஒருவன் வந்தான். தென்கடலில் தொழில் செய்யும் குடும்பத்தவன். படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களைத் திருத்துவது அவனுடைய சீவனோபாயம். போதாததற்கு வவுனியாவில் ஆறு மாதம் தங்கிக் கணனி திருத்தவும் பழகியிருந்தான். தோளில் தொங்கிய கன்வஸ் பைக்குள் திருகாணிச் சாவிகள், ஒரு மீற்றர், வர்ணம் பூசும் மெல்லிய தூரிகை, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போத்தல், பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் அழிறப்பர் ஒன்று, இவ்வளவும் இருந்தன. வந்தவன் பெட்டியில் கை வைக்கவில்லை.

“சேர், நீங்கள் ஒருக்கால் போடுங்கோ. நான் கேக்கிறன்.”

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் வரும் எஞ்சின் யாருடையதென்று கரையில் நின்று செவிகொடுப்பவனைப் போல, மூன்று ஊதல்களைக் கேட்டான். “மதர்போட் சாகேல்லை சேர். செத்தது இப்பிடிக் கத்தாது. றாமைக் காணேல்லை எண்டு சொல்லுது” என்றான்.

அவன் அதை எனக்கு விளக்கிய முறை இன்னும் ஞாபகத்தில் நிற்கிறது. விசையை அழுத்தியவுடன், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை மின்வழங்கிப் பெட்டி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துக் கொடுக்கிறது. கொடுக்கும் அளவுகள் சரியாக நிலைத்ததும், சரி என்று ஒரு சமிக்ஞையைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அதன் பிறகே செயலி கண் விழிக்கிறது. கண் விழித்த செயலிக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பலகையில் நிரந்தரமாகப் பதிந்துள்ள பயோஸ் என்னும் சிறு துண்டு என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க, அதன்படி ஒவ்வோர் உறுப்பாகப் பரீட்சித்துக்கொண்டு போகிறது. றாம் என்னும் நினைவகத்தைப் பரீட்சிப்பது படம் காட்டும் கட்டத்துக்கு முன்பே நடப்பதால், நினைவகம் அகப்படாவிட்டால் திரையில் ஓர் எழுத்தைக்கூட எழுத அதற்கு வழியில்லை. அந்த நிலைமையில் அதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே குரல், பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு ஒலிப்பான். அந்தக் குரலாலே மூன்று நாளாக அது என்னிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தான். உள்ளே பார்த்த எனக்கு மனம் பதறியது. விசிறியின் இதழ்களில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுத்த தூசி. தகட்டின் மடிப்புகளில் செங்காவி நிறத் துரு. திருகாணிகளின் தலையில் வெள்ளைப் பூப்பு. அவன் விரலால் அந்தப் பூப்பைத் தொட்டு நாக்கில் வைத்தான். “எங்கட எஞ்சினிலயும் உதுதான் சேர். ஒவ்வொருநாளும் நல்ல தண்ணியில கழுவாட்டி இரண்டு மாசத்தில இறுகிப்போகும். இதைக் கழுவவும் ஏலாது” என்றான்.

வெறும் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டு உடம்பிலிருந்த நிலைமின்னை இறக்கியபின், நினைவகப் பட்டிகளின் இரு முனையிலும் இருந்த வெள்ளைக் கொக்கிகளை விரலால் விலக்கினான். இரண்டு பட்டிகளும் தாமாகவே மேலே எழும்பின. இரண்டையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒன்றுமில்லாமலே யந்திரத்தைப் போடச் சொன்னது எனக்கு விநோதமாக இருந்தது. போட்டோம், அதே ஊதல். பட்டி இல்லாதபோதும் அதே குரல், இருந்தபோதும் அதே குரல் என்றால், பட்டி இருப்பது யந்திரத்துக்குத் தெரியவில்லை என்பதும், தெரியவில்லை என்று சொல்லும் அளவுக்குப் பலகை உயிரோடு இருக்கிறது என்பதும் ஒரே பரீட்சையில் நிரூபணமாயின. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மாத்திரமே செய்யவேண்டும், இரண்டு காரியத்தை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும் என்பதில் அவன் மிகக் கண்டிப்பாக இருந்தான். முதலில் ஒரு பட்டியை மட்டும் போட்டுப் பார்த்தான். பிறகு மற்றதை மட்டும். அதன்பின் இடத்தை மாற்றி. நான்கு தடவையும் ஊதல் மாறவில்லை.

பிறகு ஒரு பட்டியை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். உள்ளங்கை நீளமான பச்சைப் பட்டி அது. கீழ் ஓரத்தில், முன்பக்கம் 84, பின்பக்கம் 84 என்று 168 பொன் பூசிய பற்கள் வரிசையாக இருந்தன. நடுப்பகுதிப் பற்கள் மஞ்சளாக மின்ன, யன்னல் பக்கமாக இருந்த முனையில் ஏழெட்டுப் பற்கள் மங்கி, அடியில் பச்சை படர்ந்திருந்தது. பொன்னுக்குத் துருப் பிடிக்காது என்பது நம்முடைய பாட்டிமாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்தப் பூச்சு அத்தனை மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் அதிலே உண்டு. உப்புக் காற்றிலுள்ள ஈரம் அத்துவாரங்களுக்குள் இறங்கி, அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்க, அந்த அழுக்கு மேலே வந்து படிந்து, பல்லுக்கும் செருகிடத்துக்கும் நடுவே ஒரு திரையாகிவிடுகிறது. அடுப்படியில் உப்பு கசிவதற்கும் பெட்டிக்குள் இந்தப் பச்சை படர்வதற்கும் மூலம் ஒன்றே: உப்புத் துகள் காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்த தூசியென்றால் ஊதினாலே போய்விடும்; இது ஊதினால் போகாது.

அழிறப்பரை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில், குழந்தையின் பல்லைத் துலக்கும் பக்குவத்தோடு அவன் தேய்க்கத் தொடங்கினான். அழுத்தித் தேய்த்தால் பொன்னும் போய்விடும் என்றான். கறுத்த துகள்கள் உருண்டு விழுந்தன. பற்கள் ஒவ்வொன்றாக நிறம் திரும்பின. இரண்டு பட்டிகளுக்குமாக அரை மணி நேரம் சென்றது. அதன்பின் வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்து, தூரிகையால் செருகிடத்தின் இடுக்கைச் சுத்தம் செய்து, ஈரம் உலரும்வரை காத்திருந்தான். என் மனைவி கொண்டுவந்து கொடுத்த தேநீரைக்கூடப் பெட்டிக்குத் தூரமாகப் போய் நின்றே குடித்தான்.

பட்டியை வைத்து இரு பெருவிரலாலும் அழுத்தினான். வெள்ளைக் கொக்கிகள் இரண்டும் சடக்கென்று நிமிர்ந்து பிடித்துக்கொண்டன. விசையை என்னையே அழுத்தச் சொன்னான்.

குறுகிய ஓசை ஒன்று, ஒரே ஒன்று, கேட்டது. திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றி, நினைவகத்தை எண்ணும் இலக்கங்கள் ஓடத் தொடங்கின. இரண்டு பட்டிகளுக்குமாக 131072 என்ற இலக்கத்தில் வந்து நின்றன. கடலுக்குப் போனவன் திரும்பி வரும்போது கரையில் நிற்பவர்களுக்கு முதலில் தெரியும் பாய் முனை போல எனக்கு அந்த இலக்கம் தெரிந்தது.

ஆயினும் காரியம் முடியவில்லை. சேமித்த அமைப்புகள் பிழையாகிவிட்டன, தொடர எஃப் 1 விசையை அழுத்துக என்ற அறிவித்தல் வந்தது. அழுத்தினோம். உடனே, இது தொடக்கத் தட்டு அல்ல, மாற்றிவிட்டு ஏதேனும் ஒரு விசையை அழுத்துக என்று இன்னொரு வாசகம். வன்தட்டு போய்விட்டது என்று நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பதறவில்லை, குனிந்து முன்பக்கம் பார்த்து, பிளொப்பிச் செருகிடத்தில் இருந்த தட்டை வெளியே எடுத்தான். முந்தின இரவு, ஊதல் நிற்குமோ என்ற நப்பாசையில் நான் போட்டுவைத்த என்னுடைய பிரதி அது. அமைப்புகள் அழிந்து ஆதி நிலைக்குத் திரும்பியதால், யந்திரம் முதலில் பிளொப்பியைத் தேடி, அதன் முதல் 512 பைட்டில் தன்னை எழுப்பும் கட்டளை இருக்கிறதா என்று பார்த்து, காணாமல் நின்றுவிட்டது. ஏதோ ஒரு விசையை அழுத்தினான். நீல வானமும் வெண்முகிலுமாக விண்டோஸ் 98இன் முகப்பு விரிந்தது.

கோப்பைத் திறந்தேன். முதற்பக்கத்தில் அம்பா என்ற சொல் இருந்தது. அவன் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசித்தான். மண்டாடி என்ற சொல்லுக்கு வந்ததும், “எங்கட அப்பப்பா மண்டாடியா இருந்தவர் சேர்” என்று சொல்லி, மேற்கொண்டு வாசிக்காமல் சற்று நேரம் நின்றான். அன்றே இரண்டு பிளொப்பிகளில் பிரதி எடுத்தோம். ஒன்றை அவனுடைய வீட்டில் வைத்திருக்கக் கொடுத்தேன். மேசையை யன்னலோரத்திலிருந்து உட்சுவருக்கு மாற்றினான். எழுதும் வேலை இல்லாவிட்டாலும் சோளகக் காலத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது யந்திரத்தைப் போட்டு வையுங்கோ, உள்ளே சூடு இருந்தால் ஈரம் படியாது என்று சொல்லிப் போனான்.

மறுநாள் பட்டினத்து மணிக்கூட்டுக் கடையில் மூன்று வோல்ட் பொத்தான் பற்றரி ஒன்று வாங்கிக்கொண்டு மறுபடி வந்தான். தாய்ப்பலகையில் இருந்த பழையதை மீற்றரில் வைத்துப் பார்த்தபோது இரண்டு வோல்ட்டும் இல்லை. யந்திரம் அணைந்திருக்கும்போதும் நேரத்தையும் அமைப்புகளையும் காத்து வைத்திருப்பது அந்த வில்லைதான். அது ஓய்ந்ததாலேயே திரையின் மூலையில் 2000ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி நின்றது. புதியதைப் போட்டு, தொடங்கும்போது டிலீட் விசையை அழுத்தி அமைப்புப் பக்கத்துக்குள் போய், ஆண்டையும் மாதத்தையும் திருத்தினான். மணிக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“எந்த நேரம் வைக்க, சேர்?”

அந்தக் கேள்வியின் பாரம் அக்காலத்தில் மன்னாரில் இருந்தவர்களுக்கு விளங்கும். 1996ஆம் ஆண்டில் மின்சாரப் பஞ்சத்தின் காரணமாக அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, சில மாதத்தில் அதிலே அரை மணியைக் குறைத்துக்கொண்டது. விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் இருந்த பெருநிலப் பகுதி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே தீவில் எட்டு மணியென்றால், உயிலங்குளத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஏழரை. யுத்தநிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதை திறந்திருந்த அந்த நாட்களில், அடம்பன் பக்கத்து உறவினர் ஒருவருடைய கலியாணத்துக்கு நேரம் குறித்தால், எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவனுடைய தாயாரின் குடும்பம் அப்பால் இருந்தது. தொழிலுக்குப் போன முதியவர்கள் இரண்டு மணிக்கூட்டையும் பார்த்ததில்லை. வெள்ளியையும் நீரோட்டத்தையும் பார்ப்பார்கள்.

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அது தீவின் நேரத்தைக் காட்டியது. அந்த நேரத்தையே வைக்கச் சொன்னேன். அவன் வைத்தான்.

2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. மறுநாட் காலை, குறுகிய ஓசை ஒன்று கேட்டவுடன் டிலீட் விசையை நானே அழுத்தி, அமைப்புப் பக்கத்துக்குள் போய், மணியை அரை மணி நேரம் பின்னுக்கு வைத்தேன்.